பட்டறை இருந்த இடத்தில் ஐ.டி. கட்டடம்: நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன செய்தி?



ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நம் அறக்கட்டளையை நாடி வரும் பெற்றோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பிள்ளையை எதில் சேர்த்தால் வேலை நிச்சயம்?" மேல்மலையனூர் வட்டாரத்தில் நமக்கு மணிலாவும் நெல்லும் உண்டு, சிறு கடைகள் உண்டு, அமாவாசைக் கூட்டத்தை நம்பிய வியாபாரம் உண்டு. பெரிய தொழிற்சாலை இல்லை. ஆகவே ஒரு தலைமுறைக்கும் மேலாக நம் பிள்ளைகள் செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் பஸ் ஏறுகிறார்கள். அந்தச் சென்னையில் வேலை கிடைக்கும் இடங்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் எப்படி மாறின என்பதைத் தெரிந்துகொண்டால், மேலே சொன்ன கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

தொழிற்பேட்டை எப்படி வந்தது?

திண்டிவனத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் போனால், தாம்பரம், மீனம்பாக்கம் தாண்டி வருவது கிண்டி. அங்குள்ள தொழிற்பேட்டை 1958-ல் தொடங்கியது. காமராஜர் முதலமைச்சர். தொழில் துறையைக் கவனித்தவர் பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஆர்.வெங்கட்ராமன். அவர்கள் எடுத்துக்கொண்ட வழி எளிமையானது. கையில் தொழில் இருக்கிறது, ஆனால் இடம் வாங்கிக் கட்டடம் கட்டும் அளவுக்குப் பணம் இல்லை என்பவருக்கு அரசே ஷெட் கட்டி, சாலை போட்டு, மின் இணைப்பும் தண்ணீரும் கொடுத்தது. அவர் ஒரு லேத் மெஷினைக் கொண்டுவந்து வைத்தால் போதும், மறுநாளே தொழில் தொடங்கலாம்.

கிண்டி நிறைந்ததும், 1960-களில் சென்னைக்கு மேற்கே அம்பத்தூரில் அதைவிடப் பல மடங்கு பெரிய தொழிற்பேட்டை உருவானது. சிறுதொழிலுக்கென அமைக்கப்பட்ட பேட்டைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். இவற்றைப் பராமரிக்க 1970-ல் சிட்கோ என்னும் அரசு நிறுவனம் ஏற்பட்டது.

இந்தப் பட்டறைகள் யாருக்காக வேலை செய்தன? சுற்றிலும் பெரிய ஆலைகள் இருந்தன. எண்ணூரில் அசோக் லேலண்ட். பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள், டன்லப் டயர். பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் லூகாஸ், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். ஒரு லாரிக்கு ஆயிரக்கணக்கான உதிரி பாகங்கள் வேண்டும். அத்தனையையும் பெரிய ஆலையே செய்யாது. போல்ட்டு, புஷ், கியர், ஸ்பிரிங், ரப்பர் வாஷர் என்று ஒவ்வொன்றையும் ஒரு பட்டறையிடம் ஒப்படைக்கும். இதைத்தான் ஜாப் ஒர்க் என்கிறோம். பெரிய ஆலையின் ஆர்டர் இருக்கும் வரை பட்டறையில் அடுப்பு எரியும்.

வேலைக்கு ஆள் எடுத்த முறையையும் கவனியுங்கள். பேட்டை வாசலில் ஒரு பலகை தொங்கும்: டர்னர், ஃபிட்டர், வெல்டர், ஹெல்பர் தேவை. ஐ.டி.ஐ. சான்றிதழ் இருந்தால் டர்னர். எட்டாம் வகுப்போடு நின்றவன் ஹெல்பர். ஊர்க்காரர் ஒருவர் உள்ளே இருந்தால் அவர் சொல்லே சிபாரிசு. ஹெல்பராகச் சேர்ந்தவன் இரண்டு மூன்று ஆண்டுகளில் மெஷினைக் கற்றுக்கொள்வான். பத்து ஆண்டுகளில் சிலர் சொந்தமாக ஒரு பழைய லேத் வாங்கி வாடகை ஷெட்டில் போட்டுவிடுவார்கள். படிப்பு குறைந்தவனும் ஏறிப் போக அங்கே ஒரு படிக்கட்டு இருந்தது. இந்தப் படிக்கட்டை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இனிச் சொல்லப்போவது எல்லாம் அதைப் பற்றித்தான்.

ஏன் மாறியது?

ஒரே காரணத்தால் எதுவும் மாறவில்லை. பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன.

முதலாவது, 1991-ல் மத்திய அரசு கொண்டுவந்த பொருளாதார மாற்றங்கள். இறக்குமதிக்கு இருந்த தடைகள் தளர்ந்தன. உள்ளூர்ப் பட்டறை செய்த அதே பொருள் வெளிநாட்டிலிருந்து குறைந்த விலைக்கு வரத் தொடங்கியது.

இரண்டாவது, வாகனத் தொழில் நகரத்துக்கு வெளியே போனது. ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர் அருகே 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஃபோர்டு மறைமலைநகருக்கு வந்தது. பின்னர் ஒரகடம் வளர்ந்தது. இந்தக் கம்பெனிகளுக்குப் பாகங்கள் கொடுப்பவர்களும் அவற்றின் பக்கத்திலேயே பெரிய இடத்தில், கணினி இயக்கும் சி.என்.சி. மெஷின்களோடு அமர்ந்தார்கள். பழைய லேத்தை வைத்திருந்த கிண்டிப் பட்டறைக்கு ஆர்டர் குறைந்தது.

மூன்றாவது, சில பொருள்களுக்கே காலம் முடிந்தது. கிண்டியில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற அரசு நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டது. தந்தி அலுவலகங்களுக்கும் பத்திரிகை அலுவலகங்களுக்கும் வேண்டிய டெலிபிரிண்டர் இயந்திரங்களை அது செய்தது. ஃபேக்ஸ் வந்தது, பிறகு கணினி வந்தது. டெலிபிரிண்டரைக் கேட்க ஆள் இல்லை. 2001-ல் அதன் பெரும்பான்மைப் பங்குகளை அரசு தனியாருக்கு விற்றது. 2013 ஜூலையில் நாட்டில் தந்தி சேவையே நின்றுபோனது. அந்த ஆலையில் வேலை பார்த்தவரிடம் உழைப்பிலோ நேர்மையிலோ குறை ஏதும் இல்லை. அவர் செய்த பொருளுக்குத்தான் உலகில் இடம் இல்லாமல் போனது.

நான்காவது, மின்வெட்டு. 2008 முதல் ஐந்தாறு ஆண்டுகள் தமிழகம் பட்ட பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். கிராமத்தில் நமக்கு விசிறியும் மோட்டாரும் நின்றன. பட்டறைக்காரருக்குப் பிழைப்பே நின்றது. டீசல் ஜெனரேட்டர் ஓட்டி லாபம் பார்க்கச் சிறியவர்களால் முடியவில்லை.

ஐந்தாவது, நிலத்தின் விலை. ஊருக்கு வெளியே இருந்த கிண்டியும் அம்பத்தூரும் நகரம் வளர்ந்ததால் ஊருக்கு நடுவில் வந்துவிட்டன. பட்டறை ஓட்டி ஓர் ஆண்டில் கிடைப்பதைவிட அந்த இடத்தின் வாடகை அதிகம் என்ற நிலை வந்ததும், பட்டறை முதலாளியின் பிள்ளைகள் மெஷினை விற்றுவிட்டு இடத்தைக் கொடுத்தார்கள்.

அந்த இடத்துக்கு ஐ.டி. ஏன் வந்தது?

தமிழக அரசு 1997-ல் தகவல் தொழில்நுட்பத்துக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. டிட்கோ, எல்காட் என்னும் இரண்டு அரசு நிறுவனங்கள் சேர்ந்து கட்டியதால் இரண்டின் பெயரையும் சேர்த்து டைடல் என்று பெயர் வைத்தார்கள். சுமார் 13 லட்சம் சதுர அடி கொண்ட அந்தக் கட்டடம் விரைவில் நிறைந்தது. இன்னும் இடம் வேண்டும் என்று கம்பெனிகள் தேடின.

பழைய தொழிற்பேட்டைகளில் அவர்கள் தேடியது தயாராக இருந்தது. அகலமான சாலை, பெரிய அளவில் மின் இணைப்பு, அருகில் மின்சார ரயில், நகரத்துக்குள்ளேயே பெரிய மனைகள். ஐ.டி. கட்டடங்களுக்கு அதே மனையில் கூடுதல் மாடிகள் எழுப்ப அரசு சலுகை அளித்தது. ஒரு தளம் மட்டும் கொண்ட ஷெட் இருந்த மனையில் பத்து மாடி வந்தால் கணக்கு எப்படி மாறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கிண்டியில் ஒலிம்பியா டெக் பார்க் 2006 வாக்கில் எழுந்தது. அம்பத்தூர்ப் பேட்டைக்குள்ளும் அடுத்தடுத்து ஐ.டி. பார்க்குகள் வந்தன.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பட்டறைகள் முழுவதும் அழிந்துவிடவில்லை. இன்றும் கிண்டியின் உள் தெருக்களிலும் அம்பத்தூரிலும் மெஷின் சத்தம் கேட்கிறது. ஆனால் நிலைத்தவை எவை என்று பார்த்தால், பெரும்பாலும் சி.என்.சி.க்கு மாறியவை, அளவு பிசகாமல் நுட்பமான பாகங்கள் செய்யக் கற்றவை. பழைய மெஷினும் பழைய முறையுமாக இருந்தவைதாம் போயின.

யாருக்கு லாபம், யாருக்கு இழப்பு?

இங்கேதான் நம் குடும்பங்கள் நின்று யோசிக்க வேண்டும். ஒரு பட்டறை இருந்த இடத்தில் ஐ.டி. கட்டடம் வந்தால் வேலைகளின் எண்ணிக்கை குறைவதில்லை, கூடுகிறது. ஐம்பது பேர் வேலை செய்த இடத்தில் ஆயிரம் பேர் வந்து போகிறார்கள். ஆனால் அந்த ஆயிரத்தில் பழைய ஐம்பது பேர் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

ஒரு ஐ.டி. கட்டடத்துக்குள் இரண்டு விதமான வேலைகள் உண்டு. கணினி முன் அமர்பவர்கள் ஒரு வகை. அவர்கள் பட்டம் பெற்று, ஆன்லைன் தேர்வு எழுதி, ஆங்கிலத்தில் நேர்காணல் முடித்து வந்தவர்கள். அந்தக் கட்டடத்தை நடத்துபவர்கள் இன்னொரு வகை. வாசலில் செக்யூரிட்டி, ஒவ்வொரு தளத்திலும் ஹவுஸ் கீப்பிங், கேன்டீனில் சமையலும் பரிமாறுதலும், இரவில் ஊழியர்களை வீட்டில் கொண்டு விடும் கார் ஓட்டுநர். இவர்கள் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் ஊழியர்கள் அல்லர், ஒப்பந்தக்காரரின் ஆட்கள். ஒப்பந்தம் கைமாறினால் வேலையும் போகலாம்.

இந்த வேலைகளில் இழிவு எதுவும் இல்லை. ஹலாலான எந்த உழைப்பும் இபாதத்தோடு சேர்ந்ததுதான். தாவூத் நபி (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், அவர்கள் கவசம் செய்ததையும் சூரா ஸபாவில் காண்கிறோம். ஜகரிய்யா நபி (அலை) தச்சராக இருந்தார்கள். கையால் உழைத்து உண்பதைச் சிறப்பித்த மார்க்கம் நம்முடையது. நம் கவலை வேறு. பட்டறையில் ஹெல்பர் டர்னர் ஆனார், டர்னர் முதலாளி ஆனார். ஐ.டி. கட்டடத்தில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தவர் இருபது ஆண்டு கழித்தும் செக்யூரிட்டியாகவே இருக்கிறார். மாடிக்குப் போக லிஃப்ட் இருக்கிறது. அவர் ஏறிப் போகப் படிக்கட்டு இல்லை. பழைய பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம். புதிய இடத்தில் கற்றுக்கொண்ட பிறகுதான் சேர முடியும். மாற்றத்தின் சாரம் இந்த ஒரு வித்தியாசம்தான்.

மும்பையில் நடந்ததையும் பார்க்கலாம். பரேல், லோயர் பரேல் பகுதிகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நூற்பு, நெசவு ஆலைகள் இருந்தன. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது ஓராண்டைக் கடந்து நீண்டது. பல ஆலைகள் மீண்டும் சரியாக ஓடவே இல்லை. பிற்பாடு அந்த நிலங்களில் அலுவலகக் கோபுரங்களும் மால்களும் எழுந்தன. ஃபீனிக்ஸ் மில் இன்று ஒரு பெரிய மால். புகைபோக்கியைக்கூட அடையாளத்துக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். தறி ஓட்டியவர்களுக்குப் புதிய அலுவலகங்களில் இடம் இல்லை.

நம் பக்கத்தில் நடந்தது

இது ஏதோ தூரத்து ஊர்க்கதை என்று எண்ண வேண்டாம். புதுச்சேரியில் 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில் 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. புதுச்சேரியின் ஆலைத் தொழிலாளர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்த பின்னரே அங்கே எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகள் கிடைத்தன. அத்தகைய வரலாறுள்ள ஆலைகளின் கதவுகள் நம் காலத்தில் அடைபட்டன.

ஏ.எஃப்.டி. மூடி நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. புதுச்சேரியை ஒட்டி, நம் விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில், திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா 2024 பிப்ரவரி 17 அன்று முதலமைச்சரால் திறந்துவைக்கப்பட்டது. செலவு 31 கோடி ரூபாய், பரப்பு சுமார் 63,000 சதுர அடி. சிறிய ஊர்களுக்கும் ஐ.டி. வேலையைக் கொண்டுபோக அரசு திட்டமிட்ட மினி டைடல்களில் முதலாவது இதுதான். தரமணி டைடலோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு அளவுதான். ஆனாலும் இதை நாம் சிறியதாக எண்ணக் கூடாது. சென்னையில் அறை எடுத்துத் தங்காமல் நம் மாவட்டத்திலேயே கணினி வேலை பார்க்க இது ஒரு வழி. குறிப்பாக, வெளியூர் அனுப்பத் தயங்கி வீட்டில் நிறுத்திவைக்கப்பட்டுள்ள பட்டதாரிப் பெண்களுக்கு.

மூடிய ஆலையும் திறந்த பூங்காவும் பக்கம் பக்கமாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஆலைத் தொழிலாளியின் மகன் அதிலிருந்து இதற்கு நேராக நடந்து போய்விட முடியாது. இடையில் குறைந்தது ஐந்தாறு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. அந்தப் படிப்பு முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. புதிய தொழில்நுட்பம் என்றால் நிரந்தரம் என்று பொருள் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் ஆலை 2006-ல் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில், அதிலும் பெண்கள் பெருமளவில், அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி அந்த ஆலை உற்பத்தியை நிறுத்தியது. எட்டே ஆண்டுகள். ஒரே வேலையை மட்டும் தெரிந்துவைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். மேற்கொண்டு படித்தவர்களுக்கு வேறு இடம் தேட வழி இருந்தது. இன்று ஐ.டி. துறையிலும் செயற்கை நுண்ணறிவு வந்து, ஆரம்பநிலை வேலைகளில் பலவற்றை இயந்திரமே செய்யத் தொடங்கியிருக்கிறது. ஆகவே, ஒரு முறை படித்து ஆயுள் முழுவதும் அதை வைத்துப் பிழைக்கலாம் என்ற எண்ணத்தையும் பிள்ளைகள் விட்டுவிட வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது?

பெற்றோருக்கு எங்கள் ஆலோசனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

ஒன்று: எல்லாப் பிள்ளைகளையும் இன்ஜினியரிங்கில் தள்ள வேண்டாம். கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு ஐ.டி.ஐ. நல்ல வழி. அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தமிழக அரசு நவீனமாக்கியிருக்கிறது. ரோபோ இயக்கம், நவீன சி.என்.சி., மின்வாகனப் பழுதுநீக்கம் போன்ற பிரிவுகள் அங்கே உள்ளன. சேர்க்கும் முன் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். பழைய பிரிவில் இடம் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் அதில் சேர்க்க வேண்டாம்.

இரண்டு: இன்ஜினியரிங் என்று முடிவு செய்தால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாக மட்டுமே செல்லுங்கள். நிலத்தை விற்றோ, நகையை அடகு வைத்தோ, வட்டிக்குக் கடன் வாங்கியோ நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்குவதை வன்மையாகத் தவிருங்கள். வட்டி மார்க்கத்தில் ஹராம், கணக்கிலும் நஷ்டம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் கட்டணச் சலுகை உண்டு. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. தூரத்துத் தனியார் கல்லூரியின் விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

மூன்று: பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தாலும் ஐ.டி.யில் சேரலாம். திண்டிவனம் திரு.ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி போன்றவற்றில் செலவு மிகக் குறைவு. ஆனால் பட்டத்தோடு நிற்கக் கூடாது. 2022-ல் தொடங்கிய அரசின் நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி அளிக்கப்படுகிறது. அதை வெறும் வருகைப் பதிவுக்காக முடிக்காமல் உண்மையாகக் கற்க வேண்டும். அரியர் வைக்காமல் இருப்பதும் முக்கியம். பல கம்பெனிகள் அரியர் இருந்தால் தேர்வு எழுதவே விடுவதில்லை.

நான்கு: ஆங்கிலம். நம் பிள்ளைகள் பின்தங்குவது பெரும்பாலும் கணக்கில் அல்ல, பேச்சில். மக்தபில் அலிஃப், பா, தா தொடங்கி அந்நிய மொழி ஒன்றை எழுத்துக் கூட்டி, உச்சரிப்புப் பிசகாமல் ஓதக் கற்ற பிள்ளைக்கு இன்னொரு மொழி முடியாமல் போகாது. தினம் அரை மணி நேரம் உரக்கப் படிக்க வையுங்கள். ஆலிம் பட்டம் ஓதும் மாணவர்களும் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் சேர்த்தே முடித்துவிட வேண்டும். பின்னால் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழ்களைத்தான்.

ஐந்து: இடஒதுக்கீட்டின் எல்லையைப் புரிந்துகொள்ளுங்கள். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் கல்வியிலும் அரசு வேலையிலும் 3.5 சதவீதம் தனி ஒதுக்கீடு உள்ளது. சாதிச் சான்றிதழை இப்போதே சரியாக வாங்கி வையுங்கள். ஆனால் ஐ.டி. கம்பெனிகள் தனியார் நிறுவனங்கள். அங்கே இந்த ஒதுக்கீடு செல்லாது. கல்லூரி வாசல் வரை சான்றிதழ் கொண்டுபோகும். அதற்கு அப்பால் பிள்ளையின் திறமைதான்.

ஆறு: பெண் பிள்ளைகள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்பவர்களுக்கும் இது உண்டு. பேருந்துச் செலவுக்கு அது போதும். படிக்கவைத்துவிட்டு வீட்டில் உட்காரவைப்பதற்கு முன், நம் மாவட்டத்திலேயே வேலை உண்டா, வீட்டிலிருந்து பார்க்கும் வேலை உண்டா என்று ஒரு முறை விசாரியுங்கள். பாதுகாப்பு குறித்த கவலை நியாயமானது. கவலைக்கு விடை தேட வேண்டும், கவலையையே விடையாக்கிவிடக் கூடாது.

ஏழு: ஏற்கெனவே ஒப்பந்த வேலையில் இருப்பவர்கள். இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் பி.எஃப். பிடித்தம் சட்டப்படி கட்டாயம். பத்துப் பேருக்கு மேல் இருந்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் உண்டு. சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை வைத்துப் பணம் கட்டப்படுகிறதா என்று செல்போனிலேயே பார்க்கலாம். தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வந்தால் இலவசமாகப் பார்த்துச் சொல்வோம்.

எட்டு: பணம் கொடுத்து ஐ.டி. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் புரோக்கர்களிடம் ஏமாற வேண்டாம். எந்த நல்ல கம்பெனியும் வேலைக்கு வருபவனிடம் பணம் கேட்காது. பணம் கேட்டாலே அது மோசடி என்று முடிவு செய்துவிடலாம்.

அறக்கட்டளையின் முடிவு

இதுவரை கல்வி உதவி கேட்டு வந்தவர்களுக்குக் கட்டணத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து அனுப்பிவந்தோம். இனி அதோடு நிற்பதில்லை என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். விண்ணப்பத்தோடு மாணவரும் பெற்றோரும் சேர்ந்து வர வேண்டும். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, அரசின் எந்தச் சலுகைக்கு மனுச் செய்திருக்கிறீர்கள் என்ற மூன்றையும் உட்கார்ந்து பேசுவோம். அரசு கொடுப்பதை முழுவதும் பெற்ற பிறகு மீதிக்கு நாம் உதவினால், அதே ஜகாத் நிதி இன்னும் பல ஏழைப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். ஐ.டி.ஐ.யில் சேரும் பிள்ளைக்கும் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கும் உதவியில் வேறுபாடு காட்ட மாட்டோம்.

சென்னையிலோ வேறு ஊரிலோ பட்டறையிலும் ஐ.டி. கம்பெனியிலும் வேலை செய்யும் நம் ஜமாஅத் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெருநாள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் பள்ளி மாணவர்களோடு உட்காருங்கள். உங்கள் வேலை என்ன, அதற்கு என்ன படிக்க வேண்டும், தேர்வில் என்ன கேட்பார்கள் என்று சொல்லுங்கள். முன்பு ஊர்க்காரர் ஒருவர் உள்ளே இருந்தால் வாசலில் நின்று சிபாரிசு செய்தார். இப்போது அந்தச் சிபாரிசு எடுபடாது. ஆனால் வழி சொல்ல ஊர்க்காரர் இன்றும் தேவைப்படுகிறார். அதுவும் ஸதகாவே.

பெற்றோர்களே, மணிலா விதைப்பவருக்குத் தெரியும்: மழை வந்த பிறகு நிலத்தை உழத் தொடங்கினால் பருவம் தப்பிவிடும். நம் மாவட்டத்தில் அடுத்த கட்டடம் எங்கே எழும், எந்தத் தொழில் வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். வருகிற நேரத்தில் நம் பிள்ளைகள் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதற்கான முயற்சி நம் பொறுப்பு. பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் நம் சந்ததிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.